போணிக்கு முன்

மணிக்காரத் தெருவின் கிழக்கு முனையில் மஞ்சள் தொப்பிகள் தலைகாட்டியபோது செண்பகவல்லிக்கு இன்னும் போணி ஆகவில்லை. கடை திறந்து, தண்ணீர் தெளித்து, முருகன் காலண்டருக்கு ஊதுபத்தி காட்டி, பக்கத்திலேயே கறுப்புச் சட்டையோடு முறைத்துக்கொண்டிருக்கும் புருஷன் படத்துக்கும் அவருக்குப் பிடிக்காது என்று தெரிந்தே காட்டிவிட்டு, உட்கார்ந்து எவ்வளவோ நேரமாயிற்று. ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. எப்படிப் பார்க்கும்? குழாய் பதிக்கிறோம், கம்பி புதைக்கிறோம் என்று தெருவை நடுவில் வகுந்து போட்டு இரண்டு மாதம் ஆகிறது. கடை வாசலுக்கு ஒரு பலகை, அதில் கால் வைத்தால் தடக்கென்று ஒரு சத்தம். அந்தத் தடக்குக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள். இப்போது கூடக் கேட்டது, ஆனால் அது பக்கத்துப் பாத்திரக் கடைப் பலகை, அங்கே இரும்புத் தகடு, சத்தமே வேறு. ஒரே ஒரு ஆள் வந்து ஒரு அட்டை கொக்கி வாங்கினால் போதும். ஒரு ஊக்கு வாங்கினால்கூடப் போதும். போணி ஆகிவிட்டால், தெருவைப் புதுப்பிக்க வருகிற அந்த அதிகாரிகள் வந்து நிற்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்து, இல்லை சார், எனக்குச் சம்மதம் இல்லை என்று சொல்லிவிடலாம். அதைச் சொல்லத்தான் இன்று கடையே திறந்தது. துளசிராம் நேற்றுச் சாயங்காலம் தன் ஜவுளிக் கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்று, சங்கத்துச் செயலாளர் தோரணையில் ஒரு தடவையும், புருஷனோடு சீட்டு விளையாடியவன் என்ற முறையில் இன்னொரு தடவையும் சொல்லிவிட்டுப் போனான். "மதினி, ஒரு வாய்வார்த்தை போதும். சம்மதம் இல்லைன்னு நீங்க சொல்லிட்டா இந்த இடத்தை மட்டும் தனியா விசாரிச்சுத்தான் ஆகணும், இடிக்க முடியாது. பேசாம இருந்தீகன்னா சம்மதம்னு போட்டுட்டுப் போயிருவாக." கடையை அடைத்துவிட்டுப் போனாலும் அதே கதைதானாம். உன் வாயால் நீயே சொல்லிவிடேன் என்று கேட்டுப் பார்த்தாள். கடைக்காரர் வாயால்தான் வரவேண்டும் என்று விதியாம். அதோடு அவனுக்கு இன்று மச்சினன் வீட்டுக் கல்யாணம். நல்ல நாள் பார்த்து வைத்தார்கள் கல்யாணத்தை.

இல்லை. சொல்லிப் பார்த்தாள், உதட்டை அசைக்காமல், மனசுக்குள் மட்டும். மனசுக்குள் சொன்னால் குற்றமில்லை என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறாள், யார் கொடுத்த கணக்கோ. போணிக்கு முன்னால் கடையில் உட்கார்ந்து இல்லை என்று சொல்லக்கூடாது. இந்தத் தெருவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும் அது. காலையில் முதல் வார்த்தை எதுவோ அதுதான் அன்றைக்கு முழுக்க. யாராவது வந்து மயில்கழுத்துக் கலரில் ஜிப்பு இருக்கா என்று கேட்டால், கடையில் அந்தக் கலர் இருந்த சுவடே இருக்காது, ஆனாலும் 'நாளைக்கு எடுத்து வைக்கிறேம்மா, இப்போதைக்கு இதைப் பாருங்க' என்று ராமர் பச்சையை எடுத்து நீட்ட வேண்டும். நீட்டி நீட்டிக் கையும் வாயும் பழகிப்போய்விட்டன. வேண்டாம், கிடையாது, மாட்டேன், முடியாது எல்லாம் அதே ஜாதிதான். தலையை ஆட்டினாலும் ஆட்டினதுதான். போணி ஆன பிறகு எத்தனை இல்லை வேண்டுமானாலும் சொல்லலாம், அவளும் சொல்வாள், மத்தியானத்துக்கு மேல் அவள் சொல்கிற இல்லைக்குப் பயந்தே சில தையற்காரர்கள் காலையில் வந்துவிடுவார்கள். வந்துவிடுவார்கள் என்ன, வந்துகொண்டிருந்தார்கள். தெருவை வெட்டிய பிறகு ஒவ்வொருவராய் வேறு பக்கம் பழகிக்கொண்டார்கள். முந்தாநாள் போணி ஆகும்போது பள்ளிக்கூடம் விட்டிருந்தது. நேற்று ஆகவே இல்லை. மஞ்சள் தொப்பிகள் இப்போது முதல் நாலு கடையைத் தாண்டிவிட்டன. மூன்று பேர். நடுவில் அந்தப் பெண், தாரிணி, கட்டிடப் படிப்புப் படித்த பெண், தொப்பிக்குள் முடியைத் திணிக்க மாட்டாமல் பின்னால் விட்டிருக்கிறது. சிரித்துக்கொண்டே வருகிறது. அது எப்போதும் சிரிக்கும். கெட்ட பெண்ணாக இருந்திருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

தெருவின் பழைய முகம் மாறாமல் புதுப்பிக்கப் போகிறோம் என்றுதான் அந்தப் பெண் முதல் கூட்டத்தில் சொன்னது. முகம் மாறாமல் என்றதும் எல்லோரும் கை தட்டினார்கள், செண்பகவல்லியும் தட்டினாள், பின்னே, தட்டாமல்? இடித்துத் தள்ளிவிட்டுக் கண்ணாடி மாளிகை கட்டுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தவர்களுக்கு மரத்தூணும் இருக்கும், மேல்மாடத்து வளைவும் இருக்கும், ஓடும் இருக்கும் என்றால் கசக்குமா? அப்புறம்தான் அந்தப் புகைப்படத்தைத் திரையில் போட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ எடுத்தது. துளசிராமின் தாத்தா கடை அப்படியே இருக்கிறது. பாத்திரக் கடை அப்படியே இருக்கிறது, வாசலில் ஒரு அண்டா வேறு. இரண்டுக்கும் நடுவில் கறுப்பாக ஒரு சந்து. சந்துக்குள் ஒரு கழுதை. அவ்வளவுதான். அவள் கடை இல்லை. எப்படி இருக்கும்? மாமனார் சின்னாண்டி பிழைக்க வந்து, அந்தச் சந்தின் இரண்டு பக்கச் சுவருக்கும் குறுக்கே பலகை அடித்து, மேலே தகரம் போட்டு, நூற்கண்டு விற்க உட்கார்ந்ததே சுதந்திரம் வந்து எத்தனையோ வருஷம் கழித்துத்தான். பலகை போய்ச் சுவர் வந்தது, தகரம் போய்க் கான்கிரீட் வந்தது, கடைக்கு எண் வந்தது, வரி வந்தது. ஆனால் படம் அதற்கு முன்னாலேயே எடுத்துவிட்டார்களே. படத்தில் இருப்பது நிற்கும், பின்னால் வந்தது போகும் என்பதுதான் திட்டம். பிற்சேர்க்கை என்று அதற்கொரு வார்த்தை சொன்னார் பொறியாளர். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாதம் வடிக்கும்போது அந்த வார்த்தை வந்து நின்றது. பிற்சேர்க்கை. சந்து திரும்பச் சந்தாகுமாம். தொட்டியில் செடி வைத்து, கல் பெஞ்சு போட்டு, மஞ்சள் விளக்கு எரியுமாம். எல்லாவற்றையும் வரைந்து தெருமுனையில் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். தினமும் நின்று பார்க்கிறாள். ஒரே நிறத்தில் கடைகள், தெரு நிறைய ஜனங்கள், ஒருத்தர் கையிலும் பை இல்லை. கடைத்தெருவில் கையை வீசிக்கொண்டு நடக்கிறார்கள். அவள் கடை இருக்கிற இடத்தில் பெஞ்சில் ஒரு ஆணும் பெண்ணும் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். அந்தப் பெண்ணின் ரவிக்கைக்குக் கொக்கி எந்தக் கடையில் வாங்கினாளோ. தெருவின் முகம் என்கிறார்களே, அந்த முகத்தில் நான் என்ன, மருவா? கழுதை நின்ற காலத்துக்குப் போகவேண்டும் என்றால் கழுதையையும் கொண்டுவந்து கட்டட்டும். சிரிப்பு வந்தது. தொப்பிகள் ஊதுபத்திக் கடைக்கு வந்துவிட்டன.

மாற்று இடம் கொடுக்காமல் இல்லை, அதையும் சொல்லவேண்டும். பஸ் நிலையத்துக்குப் பின்னால் புதுக் கட்டிடத்தில், மூன்றாவது மாடி. போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். காற்றோட்டமாகத்தான் இருந்தது, கையை நீட்டினால் சுவர் இடிக்கவில்லை. ஆனால் அறுந்துபோன ஒரு கொக்கிக்காக மூன்று மாடி ஏறுகிறவர் இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. ஓசூரிலிருந்து மகன் விட்டுட்டு வந்துரும்மா, போதும் என்கிறான். அவனுக்கென்ன. அவன் அப்பா செத்த இடம் அவனுக்குக் கடை, அவ்வளவுதான். அவனைப் பள்ளிக்கூடத்தில் இருந்து அழைத்து வந்தபோது எல்லாம் முடிந்து வீட்டில் கிடத்தியிருந்தார்கள். அவள்தான் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தபோது பார்த்தாள். மேல் தட்டில் இருந்து எதையோ எடுக்கக் கையை உயர்த்தினபடி நின்றுகொண்டிருந்தார். என்னங்க என்றாள். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள். விழுவதற்குக்கூட இடமில்லாத கடை. இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் தோள் முட்டி அப்படியே நின்றுவிட்டார், எத்தனை நேரமாக நின்றாரோ, தெருவில் போனவர்கள் எல்லோரும் அறிவழகன் சரக்கு எடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அறிவழகன். அப்பன் வைத்த பேர் ஆறுமுகம், அதை மாற்றிக்கொண்டு கறுப்புச் சட்டை போட்டவர். போணிக்கு முன்னால் இல்லை என்று தெருவே கேட்கிற மாதிரிச் சொல்கிறவர். "இல்லாததை இல்லைன்னு சொல்றதுக்கு நேரம் காலம் என்னடி?" அன்றைக்குக் காலையிலும் யாரோ ஒரு அம்மாள் பூவேலைப் பட்டுநூல் கேட்டு, முதல் ஆள், இவர் இல்லம்மா, அடுத்த தெருவுல கேளுங்க என்று அனுப்பியிருக்கிறார். பாத்திரக் கடைக்காரர் துக்கத்துக்கு வந்தபோது அதைச் சொன்னார். குத்தலாகச் சொல்லவில்லை, சும்மா, அன்றைக்கு நடந்தது இன்னது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். அதோடு சரி, ஒருத்தரும் அதைப்பற்றி வாய் திறந்ததில்லை. அவளும் நம்பவில்லை. அவர் உயிரோடு இருந்தவரை இந்த விஷயத்தில் மாமனாருக்கு எதிராக அவர் பக்கம் நின்று சண்டை போட்டவளே அவள்தான். நெஞ்சு அடைப்புக்கும் நூலுக்கும் என்ன சம்பந்தம், டாக்டரும் அதைத்தான் சொன்னார், சிகரெட்டு என்றார். ஆனால் பதினாறாம் நாள் முடிந்து அவள் வந்து இந்தக் கடைப் பலகையில் உட்கார்ந்த காலையில், முதல் ஆள் வந்து இல்லாத ஒரு கலரைக் கேட்டபோது, நாக்கு தானாக மடங்கிக்கொண்டது. நாளைக்கு எடுத்து வைக்கிறேம்மா. அன்றிலிருந்து இன்று வரை. நம்பிக்கை வேறு, பயம் வேறு. நம்பாதவளுக்கும் பயம் வரும். நம்பாத புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு இன்னும் நன்றாக வரும்.

தடக். நிமிர்ந்தாள். டீக்கடை ஆள், காலி டம்ளர் எடுக்க. ஏம்ப்பா, ஒரு ஊக்கு வாங்கிக்கயேன், கைலிக்குக் குத்திக்கலாம் என்றாள், கேட்டுவிட்டுக் கூசிப்போனாள், போணியைக் கேட்டு வாங்குவதும் பிச்சை எடுப்பதும் ஒன்றுதான். அவன் சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்துச் செருகிக்கொண்டு, டீக்காசில் கழிச்சுக்கங்கக்கா என்று போய்விட்டான். கடனுக்குப் போணி கிடையாது. கழித்தலில் அதைவிடக் கிடையாது. காசு கைமாற வேண்டும். போனில் அனுப்பினாலும் சரி என்று அவளாகவே சட்டம் திருத்தி வைத்திருக்கிறாள், கல்லாப்பெட்டி மேல் இருக்கிற அந்தச் சின்ன டப்பா இத்தனை ரூபாய் பெறப்பட்டது என்று பேசினால் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். இன்று அதுவும் ஊமையாக இருக்கிறது. தன் சுருக்குப்பையில் இருந்து தன் கல்லாவுக்குப் பத்து ரூபாய் மாற்றினால்? சீ. சரி, இன்னொரு வழி இருக்கிறது. கடைக்குள் உட்கார்ந்து சொன்னால்தானே குற்றம்? எழுந்து இறங்கிப் பலகைக்குப் போய், தெருவில் நின்று, தெருவின் காதில் சொன்னால்? மாமனார் இருந்திருந்தால் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவர் முதலில், கடையை விட்டு எதற்கு இறங்குகிறாய் என்று கத்தியிருப்பார். இருந்தாலும் இது நல்ல வழி. இதுதான் வழி. செருப்பைக் காலால் தேடி முன்னால் இழுத்து வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கும் முன்பே பலகை அதிர்ந்தது. தடக், தடக். பொறியாளரும் அந்தப் பெண்ணும் பலகை மேலேயே வந்து நின்றுவிட்டார்கள், நிற்க வேறு இடமும் இல்லை, மூன்றாவது ஆள் பள்ளத்துக்கு அந்தப் பக்கம். இறங்க வழியில்லை. கடைக்குள்ளேயே அகப்பட்டுக்கொண்டாள்.

"ஆன்ட்டி, இந்தத் தெருவுலயே எனக்கு ரொம்பப் புடிச்ச கடை உங்க கடைதான்" என்றது தாரிணி. உண்மையாகத்தான் சொன்னது, கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. மாமனார் செய்த சின்னச் சின்ன இழுப்பறைகளைத் தடவிப் பார்த்தது. இதையெல்லாம் பத்திரமாக எடுத்து ஒரு இடத்தில் காட்சிக்கு வைப்போம் என்றது. பொறியாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்ல மனிதர், அவசரக்காரர், வியர்வை துடைத்துக்கொண்டே, கடையை எடுத்துவிட்டுப் பழையபடி சந்தாக்குவதில் உங்களுக்குச் சம்மதந்தானா, ஆட்சேபணை இருந்தால் இப்போதே சொல்லிவிடவேண்டும் என்றார். தண்ணி குடிக்கிறீங்களா சார் என்றாள். குடித்தார். வெயில் அதிகம் என்றாள். ஆமாம் என்றார். பாப்பாவுக்கு எந்த ஊரு என்றாள். அது ஏதோ ஊர் சொன்னது, காதில் விழவில்லை. அதன் துப்பட்டா தோளிலிருந்து நழுவி நழுவி விழுந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்தாள், கடவுளே, இதோ இருக்கிறதே. துப்பட்டாவுக்கு ஒரு ஊக்கு வாங்கிக்கம்மா, நல்லா நிக்கும் என்று அட்டையை நீட்டினாள். "வேண்டாம் ஆன்ட்டி" என்றது, சிரித்தபடி. எவ்வளவு சுலபமாகச் சொல்கிறது. பூவை உதிர்க்கிற மாதிரிச் சொல்கிறது. யார் சொல்லிக்கொடுத்தார்கள் இதற்கு, எந்தப் பள்ளிக்கூடத்தில். அப்போதுதான் அவர்கள் தோளுக்குப் பின்னால் அன்வர்தீன் பாய் தெரிந்தார். பள்ளத்தின் ஓரமாக, மெதுவாக, கையில் ஒரு பச்சைச் சட்டைத் துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. பட்டனுக்கு வருகிறார். எதிர்மாடியில் இத்தனை வருஷம் தைத்தவர், தெருவை வெட்டியதும் மிஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டோடு போய்விட்டவர், இனிமேல் வரவே மாட்டார் என்று நினைத்தவர், வருகிறார். வாங்க பாய் என்று அதிகாரிகள் தலைக்கு மேலாகக் கத்திக் கூப்பிடக் கூச்சமாக இருந்தது. கண்ணால் கூப்பிட்டாள். புருவத்தை உயர்த்திக் கூப்பிட்டாள். அவர் பார்த்தார், கடை வாசலில் அதிகாரிகள் நிற்பதையும் பார்த்தார். மரியாதை தெரிந்த மனிதர். பேசி முடிங்க தங்கச்சி, நான் இருக்கேன் என்பதுபோலக் கையைக் காட்டிவிட்டு, இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று இன்னும் நாலு எட்டுப் பின்னால் போய்ப் பாத்திரக் கடை நிழலில் ஒதுங்கி நின்று முகத்தையும் திருப்பிக்கொண்டார். திருப்பாதீங்க பாய். இங்க பாருங்க. ஒரு பட்டன், ஒரே ஒரு பட்டன் வாங்குங்க, அப்புறம் மரியாதை காட்டுங்க.

"என்னம்மா, ஒண்ணும் சொல்லலையே. சம்மதம்னு எடுத்துக்கலாமா?" என்றார் பொறியாளர். அவள் வாயைத் திறந்தாள். இல்லை என்பது நாக்கு நுனியில், பல்லுக்குப் பின்னால், இருந்தது, நன்றாக இருந்தது, தள்ளினால் விழுந்துவிடும். மேல் தட்டைப் பார்த்து உயர்ந்த ஒரு கை தெரிந்தது. இரண்டு சுவரும் தெரிந்தன. மகன் அங்கே ஓசூர்ப் பக்கம் மலைப்பாதையில் வண்டி ஓட்டிக்கொண்டு போவான் இந்நேரம், எதற்கு அவன் நினைவு வருகிறது, எதற்கு இப்போது. "ஆகட்டும் சார்" என்று ஒரு குரல் சொன்னது. "செஞ்சுருவோம்." ஜிப்புக் கேட்டவர்களுக்கும் நூல் கேட்டவர்களுக்கும் இத்தனை வருஷமாகச் சொன்ன அதே குரல், இனிப்பாக, கொஞ்சம்கூடப் பிசிறில்லாமல். பொறியாளர் தலையாட்டி எழுதிக்கொண்டார். தாரிணி அவள் கையைப் பிடித்து அழுத்தியது, நீங்க ஒத்துக்க மாட்டீங்களோன்னு ராத்திரி எல்லாம் பயந்துக்கிட்டே இருந்தேன் ஆன்ட்டி, உங்க மனசு யாருக்கும் வராது என்றது, அதன் கண் கலங்கியிருந்தது. பலகை இரண்டு தரம் சத்தம் போட்டது. அடுத்து துளசிராம் கடை, பூட்டிக் கிடக்கிறது, அதையும் தாண்டிப் போனார்கள். கூப்பிடலாம். இதோ, இன்னும் குரல் எட்டும் தூரம்தான். ஒருத்தருக்குக் கொடுத்த சரக்கைத் திரும்ப வாங்குகிற மாதிரி, கொடுத்த வார்த்தையை எப்படித் திரும்பக் கேட்பது என்று யோசிக்கிற நேரத்துக்குள் குரல் எட்டாத தூரம் போய்விட்டார்கள்.

பாய் வந்தார். பலகையில் பதமாகக் கால் வைத்ததால் சத்தமே வரவில்லை. சலாம் சொல்லி, உடம்பெல்லாம் நல்லா இருக்கா என்று கேட்டு, இம்புட்டு தூரம் வேற எங்கிட்டும் போக மனசு வரல தங்கச்சி என்று பச்சைத் துணியை அவள் முன்னால் விரித்தார். இதுக்கு நாலு கண்ணு பட்டன் ஒரு டஜன் வேணும், இன்னும் போணி ஆகலேன்னா கைராசியா நானே பண்ணிப்புடறேன் என்று சட்டைப் பையில் இருந்து நோட்டையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவள் பழக்கத்தில் இழுப்பறையை இழுத்து மடியில் வைத்தாள். பச்சை பட்டன். நாலு கண்ணு. அந்தத் துணிக்கென்றே செய்த மாதிரி, இழுப்பறை நிறையக் கிடந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"இல்லை பாய்" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நோட்டு நீட்டியபடியே நின்றது. "ஏன் தங்கச்சி, போணி நேரத்துல அப்படிச் சொல்லலாமா?" என்றார் மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல. அவள் காத்திருந்தாள். கூரை இடியவில்லை. நெஞ்சு அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. போன் மணி அடிக்கவில்லை. தெருவில் யாரோ பள்ளத்தைத் தாண்டிக் குதித்துச் சிரித்தார்கள். இவ்வளவுதானா? இதற்குத்தானா? சுவரில் இருந்த கறுப்புச் சட்டையை ஏறிட்டுப் பார்க்க வெட்கமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக. இல்லை. நன்றாகத்தான் வந்தது.